டிரெய்லர் குளிர வேண்டுமா? புது ஏசி வாங்கும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்

எங்கள் முதல் கோடைப் பயணத்தில் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு, குளிரவே இல்லை. டெக்ஸஸ், ஜூலை மாதம், மதியம் 3 மணி. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். கூரை ஏசி காலையிலிருந்து ஓயாமல் ஓடியும் உள்ளே 88க்குக் கீழே இறங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் இட்லி வைக்க இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டோம். பிரேக்கர் விழுந்து எல்லாமே அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய ஏசியாக மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மாற்றவில்லை. அடுத்த கோடையில் அதே ஏசி, அதே வெயிலில், உள்ளே 80 டிகிரியில் நின்றது. நடுவில் மனசுக்கும் கைக்கும்தான் வேலை இருந்தது, பணத்துக்கு அதிகம் இல்லை. அமெரிக்காவில் புதிதாக ஆர்.வி. (இழுத்துப்போகும் டிரெய்லர், தானே ஓடும் மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டி) வாங்கியிருக்கும் அல்லது வாடகைக்கு எடுக்கப்போகும் நம் குடும்பங்களுக்காக, நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதை விரட்ட மின்சாரம் செலவழிப்பது கடைசி வழி. முதலில் அதை வாசலிலேயே நிறுத்தப் பாருங்கள்.

முதலில் உங்கள் ஏசியைப் படியுங்கள்

ஆர்.வி. கூரை ஏசிகள் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகின்றன: 13,500 பிடியு, 15,000 பிடியு. பிடியு என்பது வெப்ப அளவு; ஏசி ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தை இதில் சொல்வார்கள். நமக்குப் பழகிய கணக்கில் 12,000 பிடியு ஒரு டன். ஆகவே சின்னது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, பெரியது ஒன்றேகால் டன். ஊரில் ஒரு நடுத்தரப் படுக்கையறைக்குப் போடும் அளவுதான் இது. ஆனால் ஊர் அறைக்குச் செங்கல் சுவர். டிரெய்லர் சுவரின் கனம் பல வண்டிகளில் ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். அதிலும் பல இடங்களில் கண்ணாடி.

ஏசியின் திறனை நீங்களே கணக்குப் போடலாம். பிடியு எண்ணை அது இழுக்கும் வாட்டால் வகுத்துவிடுங்கள். 13,500 பிடியு ஏசி சுமார் 1,450 வாட் இழுத்தால் விடை 9 சொச்சம். ஜன்னலில் பொருத்தும் நல்ல வீட்டு ஏசிகளுக்கு இதே கணக்கு 12க்கு மேலே போகும். உயரம் குறைவாக, ஓடும் வண்டியின் குலுக்கலைத் தாங்குவதாக, 14 அங்குலச் சதுர ஓட்டைக்குள் பொருந்துவதாகச் செய்யவேண்டியிருப்பதால் கூரை ஏசி திறனில் பின்தங்கிவிடுகிறது. பெட்டியை மாற்ற முடியாது. அது சுமக்கும் சுமையைக் குறைக்க முடியும்.

மூக்கைக் கிழக்கே வைத்து நிறுத்துங்கள்

வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமுக்குள் (கேம்ப்கிரவுண்ட்) நுழைந்ததும் எல்லோரும் தண்ணீர்க் குழாய் எங்கே, கழிவுக் குழாய் எங்கே என்று பார்ப்பார்கள். நீங்கள் சூரியனைப் பாருங்கள். இடத்தைப் பதிவு செய்யும்போதே மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் எது என்று கேட்டுவிடுங்கள். காலை நிழலால் பெரிய பயன் இல்லை. மாலை 3 முதல் 7 வரை மேற்கில் ஒரு பெரிய மரம் நின்றால் அதுவே பாதி ஏசி.

மரம் இல்லாத இடமா? அப்போது திசைதான் துணை. டிரெய்லர் நீளமான பெட்டி. நீளச் சுவர் மேற்கைப் பார்த்தால் சாய்ந்து வரும் வெயில் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். குறுகிய முனை மேற்கைப் பார்த்தால் கொஞ்சம்தான் வாங்கும். அமெரிக்க வண்டிகளில் வாசலும் துணிப்பந்தலும் வலப்பக்கம் இருக்கும். வண்டியின் மூக்கைக் கிழக்கே வைத்தால் வலப்பக்கம் தெற்காகிவிடும். கோடையில் நடுப்பகல் வெயில் தெற்கில், உச்சிக்கு அருகிலிருந்து வருவதால், பந்தலை விரித்துவிட்டால் தெற்குச் சுவர் நன்றாகவே நிழலாகிவிடும். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: அந்தப் பெரிய முன்கண்ணாடி மாலை வெயிலைப் பார்க்காது.

எல்லா முகாமிலும் இப்படித் திருப்பி நிறுத்த இடம் கொடுக்காது. மின்கம்பம் ஒரு பக்கம்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக வீசும்போது பந்தலைச் சுருட்டிவிட வேண்டும். ஒரே ஒரு வேகக்காற்று போதும், அதன் கைகள் வளைந்துபோக.

கண்ணாடியும் கூரை ஓட்டைகளும்

திரையை உள்ளே இழுத்துவிட்டால் வெளிச்சம் நிற்கும், வெப்பம் நிற்காது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சுட்டு, திரை அறையைச் சுடும். வெளியிலேயே மறைப்பதுதான் சரி. மோட்டார்ஹோம் முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மாட்டும் வலைத்துணி கிடைக்கிறது. மற்ற ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் போலிருக்கும் ரெஃப்லெக்டிக்ஸ் சுருளை வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அதைக் கண்ணாடியோடு ஒட்டிவிடாமல் கொஞ்சம் காற்றிடைவெளி விடுங்கள்.

பலர் மறப்பது தலைக்கு மேலே இருப்பதை. குளியலறை மேலே ஒரு பிளாஸ்டிக் வெளிச்சக்கூண்டு, கழிப்பறைக்கும் படுக்கைக்கும் மேலே காற்றுத்துளை மூடிகள். இவை மூன்றும் நேராக உச்சிவெயிலில் கிடக்கின்றன. துளைகளில் செருகுவதற்கென்றே 14 அங்குலப் பஞ்சுமெத்தைகள் விற்கிறார்கள். பழைய நுரைமெத்தையை வெட்டிச் செருகினாலும் போதும். ஒரு நாள் மதியம் அந்த மூடிக்குக் கீழே கையை நீட்டிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரிந்துவிடும்.

அடுப்பை வெளியே கொண்டுபோங்கள்

நம் வீடுகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம். ஆர்.வி. அடுப்பின் ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 7,000 முதல் 9,000 பிடியு வெப்பம் கொடுக்கும். உங்கள் ஏசி இறைப்பது 13,500. ஒரு பர்னரைப் பற்றவைத்தால் ஏசியின் பாதி உழைப்புக்கு மேல் அந்த அடுப்புக்கே போய்விடும். அதோடு இட்லிப்பானை ஆவியும் சாதம் வடிக்கும் ஆவியும் சேர்கின்றன. ஏசிக்குக் காற்றைக் குளிர வைப்பதோடு அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கும் வேலையும் வந்துவிடுகிறது. இண்டக்‌ஷனில் தீ இல்லையே என்று நினைக்க வேண்டாம். 1,800 வாட் என்றால் 6,000 பிடியுவுக்கு மேல். அத்தனையும் கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாக நிற்கும்.

நாங்கள் இப்போது பந்தலுக்குக் கீழே ஒரு மடக்கு மேசை போட்டுச் சமைக்கிறோம். குழம்பு, சாம்பார் வகைகளைக் கிளம்பும் முன்பே வைத்துக் குளிர்பெட்டியில் எடுத்து வருவோம். இட்லி, தோசை எல்லாம் காலை 8 மணிக்குள் முடிந்துவிடும். மதியத்துக்குத் தயிர்சாதமும் மாவடுவும் எடுபடாத நாளே இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடலே சுமார் 100 வாட் வெப்பம் விடும். ஐந்து பேர் உள்ளே இருந்தால் ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிற மாதிரி. பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த காற்று எங்கே போகிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எனக்கு மிகப்பெரிய மாற்றம் இங்கேதான் கிடைத்தது.

கூரை ஏசி, அறையின் காற்றை உட்கூரையில் இருக்கும் வலைத்தட்டு வழியாக மேலே இழுக்கிறது. குளிரவைத்து, அதே பெட்டிக்குள் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு பிரிவு வழியாகக் கீழே தள்ளுகிறது. அங்கிருந்து உட்கூரைக் குழாய்களில் ஓடி ஆங்காங்கே உள்ள துவாரங்களில் வெளிவருகிறது. உறிஞ்சும் பக்கத்தையும் ஊதும் பக்கத்தையும் பிரிப்பது ஒரு மெல்லிய தடுப்பு மட்டுமே. பல வண்டிகளில் அந்தத் தடுப்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். குளிர்ந்த காற்று அறையை எட்டும் முன்பே அந்த இடைவெளி வழியாக மறுபடி உறிஞ்சப்பட்டுவிடும். இன்னும் கொஞ்சம், வெட்டியபடியே விட்ட கூரை மரத்தின் ஓரங்களில் புகுந்து, உட்கூரைக்கும் மேல்கூரைக்கும் நடுவே போய்த் தொலையும். நீங்கள் கூரையைக் குளிர வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரிசெய்யும் முறை இதுதான்:

1. வெளி மின்சாரக் கம்பியைப் பிடுங்குங்கள். உள்ளே ஏசி பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். இரண்டையும்.
2. வடிகட்டித் தட்டைக் கழற்றி, உட்கூரைப் பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணிகளை எடுங்கள். கம்பிகள் தொங்கும், இழுக்காதீர்கள். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. டார்ச் அடித்துப் பாருங்கள். தடுப்பின் நான்கு ஓரங்கள், குழாய் தொடங்கும் வாய்கள், மரம் தெரியும் வெட்டுகள். எங்கே இடைவெளி தெரிகிறதோ எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.
4. தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்கள். துணிபோல இருக்கும் சாம்பல்நிற டேப் சூட்டில் பசை விட்டுக் கழன்றுவிடும்; அது வேண்டாம். பெரிய இடைவெளிக்குக் கடின நுரைப்பலகையை வெட்டி வைத்து அதன்மேல் டேப் ஒட்டலாம்.
5. பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைத் துவாரங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை ஊதப்பட வேண்டிய இடத்தில் உள்ளே இழுக்கப்பட்டால் இன்னும் கசிவு இருக்கிறது.

வேலைக்கு முன்னும் பின்னும் ஓர் அளவு எடுத்துவையுங்கள். ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு, காற்று உள்ளே இழுக்கப்படும் வலையில் ஒரு வெப்பமானி, ஏசிக்கு மிக அருகிலுள்ள துவாரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. காற்றில் ஈரம் மிக அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறையும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏசி குளிரவில்லை என்றதும் “கேஸ் கம்மியாயிருக்கும்” என்று சொல்வது நம் பழக்கம். ஆர்.வி. கூரை ஏசிகளின் கேஸ் சுற்று பொதுவாகத் தொழிற்சாலையிலேயே முழுதாக மூடி ஒட்டப்பட்டு வருகிறது. கேஸ் ஏற்றும் வால்வே அதில் இருக்காது. அந்த வித்தியாசம் 16க்கு மேலே இருக்கும்போது யாராவது கேஸ் போட வேண்டும் என்றால் நம்பாதீர்கள்.

தூசி, வளைந்த தகடு

வடிகட்டியை ஓட்டமான நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். அடைத்துக்கொண்டால் உள்சுருள், அதாவது காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச்சுருள், பனிபிடிக்கும். அப்படிப் பிடித்தால் ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு உருக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறி, மின்சாரத்தைத் துண்டித்தபின், மூடியைக் கழற்றி வெளிச்சுருளைப் பாருங்கள். மரக்கிளை உரசித் தகடுகள் மடங்கியிருந்தால் அதற்கென்றே உள்ள சீப்பால் நிமிர்த்திவிடலாம். ஈரக்கூரையில் ஏறாதீர்கள்.

எப்போது போடுவது, எவ்வளவு வைப்பது

மதியம் வரை பொறுத்துவிட்டு 2 மணிக்கு ஏசி போடுவது சிக்கனம் போலத் தோன்றும். அதற்குள் சுவர், மெத்தை, அலமாரி, தட்டு எல்லாம் சூடேறியிருக்கும். அத்தனையையும் அந்தச் சின்ன ஏசி உச்சிவெயிலில் குளிர வைக்க வேண்டும். இரவு 9 மணி வரை முடியாது. முகாமில் இருக்கும் நாளில் காலை 9 மணிக்கே 76, 78 என்று வைத்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே 105 இருக்கும்போது 68 வைத்தால் அந்த எண் வரவே வராது, கம்ப்ரசருக்கு ஓய்வும் கிடைக்காது.

ஹூஸ்டன், ஃபுளோரிடா மாதிரிப் புழுக்கமான இடங்களில் விசிறியை ‘ஆட்டோ’வில் வையுங்கள். கம்ப்ரசர் நின்றபிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், சுருளில் தங்கிய தண்ணீரை அது மறுபடி ஆவியாக்கி அறைக்குள் விட்டுவிடும்.

30 ஆம்ப் என்றால் எவ்வளவு?

முகாம் மின்பெட்டியில் இரண்டு விதம். 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு தனித்தனி 120 வோல்ட் கம்பிகள், ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப்; மொத்தம் 12,000 வாட். பெயரில் 20 ஆம்ப் வித்தியாசம்; சக்தியில் மூன்று மடங்குக்கு மேல்.

30 ஆம்ப் வண்டியில் ஏசிக்கு 12, 13 போய்விடும். வெந்நீர்க் கொதிகலனின் மின்கம்பிக்கு இன்னொரு 12. மைக்ரோவேவுக்கு 10க்கு மேல். இண்டக்‌ஷனுக்கு 15. ஏசியோடு இன்னும் ஒன்று மட்டும், அதுவும் பெரியதாக இருந்தால் எண்ணிப் பார்த்து. எங்கள் பிரேக்கர் அன்று விழுந்தது கொதிகலனை மறந்ததால்தான். பகலில் கொதிகலனை மின்சாரத்திலிருந்து புரோபேன் கேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி 15 ஆம்ப் பிளக்கில் ஏசி ஓட்டுவது எல்லையில் நடப்பது மாதிரி. நீண்ட நேரத்துக்கு அதில் 12 ஆம்ப்தான் இழுக்கலாம். மெல்லிய நீட்டிப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். கம்பி சூடாகும், தீப்பிடிக்கும்.

லோ வோல்டேஜ் தெரிந்த நமக்கு அடுத்த விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஏசி போடும் மதியத்தில் முகாமில் வோல்டேஜ் இறங்கும். இறங்க இறங்க மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும். சுவர்ப் பிளக்கில் செருகும் ஒரு சின்ன வோல்ட்மீட்டர் வாங்கி வையுங்கள். 108க்குக் கீழே போனால் மற்றவற்றை அணையுங்கள், 104ஐ நெருங்கினால் ஏசியையும். வண்டிக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பாதுகாப்புக் கருவி மாட்டியிருந்தால் அது தானாக வெட்டிவிடும். புரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் கருவிகள் 104க்குக் கீழே போனதும் வெட்டுகின்றன. முதல் வருடமே வாங்கியிருக்க வேண்டிய பொருள் இது.

ஜெனரேட்டரும் பேட்டரியும்

கம்ப்ரசர் கிளம்பும் ஒரு கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் நாலைந்து மடங்கு ஆம்ப் கேட்கும். அதனால்தான் சின்ன ஜெனரேட்டர்கள் மூச்சுத்திணறி நின்றுவிடுகின்றன. சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னப் பெட்டி அந்த உதைப்பைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். சில நூறு டாலர் ஆகும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அது கிளம்பும் வேகத்தை மட்டும் மென்மையாக்கும். ஓடும்போது ஆகும் மின்செலவு ஒரு வாட்கூடக் குறையாது.

ஹோண்டாவின் 2200 வாட் ஜெனரேட்டர் தொடர்ந்து தருவது 1,800. சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தால் 13,500 பிடியு ஏசியை அது தாங்கும், வேறெதையும் போடாமல். பெட்ரோல் தொட்டி ஒரு கேலனுக்கும் குறைவு. முழுச்சுமையில் 3 மணி நேரம் சொச்சம். ஜெனரேட்டர் புகையை ஜன்னலிலிருந்து விலக்கி வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பேட்டரியைச் சோதித்துவிட்டே படுங்கள். இதில் சமரசம் கிடையாது.

சோலாரில் ஏசி ஓடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓடும், எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுங்கள். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-அவர். இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் ஏசி அதைத் தொடர்ந்து ஓடி முக்கால் மணி நேரத்தில் தின்றுவிடும். இரவு 8 மணி நேரத்தில் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலே ஐந்து பேட்டரிக்கு மேல் வேண்டும். அவற்றை மறுநாள் நிரப்ப நல்ல வெயிலில் 1,500 வாட் பேனல். 20 அடி டிரெய்லர் கூரையில் அவ்வளவு இடம் இருக்காது. புதிதாக வந்தவர்கள் இதில் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மேலே சொன்னதையெல்லாம் செய்து சுமையைக் குறைத்தபிறகு இந்தக் கணக்கைப் போட்டால் வேறு விடை வரும்.

பழைய ஏசி உண்மையிலேயே செத்துவிட்டால், அப்போது இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளதைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதால் இரவில் மிகக் குறைவாக இழுக்கும், கிளம்பும் உதைப்பும் இல்லை.

சக்கரம் இருக்கிறதே

வீட்டு ஏசிக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு: வீட்டையே நகர்த்தலாம். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். கோடையில் நம்மூரில் கொடைக்கானலுக்கு ஏறுவது எதற்காகவோ, அதற்காகத்தான் அரிசோனாக்காரர்கள் ஃபிளாக்ஸ்டாஃப்புக்கு ஏறுகிறார்கள். ஃபீனிக்ஸ் 1,100 அடியில். ஜூலையில் பகல் உச்சம் சராசரியாக 106. ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடியில். அதே மாதம் 82. நடுவே இரண்டரை மணி நேர வண்டியோட்டம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் ஆயிரம் அடிக்கு 3.5 சதவீதம் சக்தி இழக்கும். அங்கே அது ஏசியைத் தூக்காமல் போகலாம். தேவையும் இருக்காது. மாலையில் நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து, மறுகோடியில் கூரை விசிறியை வெளியே தள்ளும்படி திருப்பிவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் அந்த விசிறிக்கு முழு வேகத்திலும் 50 வாட் போதும். விடியற்காலையில் மறக்காமல் எழுந்து ஜன்னலை மூடி, திரையை இழுத்துவிடுங்கள். இரவுக் குளிர் மதியம் வரை உள்ளேயே நிற்கும்.